மலையிறங்கி வந்த சுவர்கள்

அவையோருக்கு வணக்கம்.

ஓவியக்கூடம் என்றதும் சட்டம் போட்டு மாட்டிய படங்கள்தான் நம் நினைவுக்கு வரும். ஸ்பெயினின் கட்டலோனியா பகுதியின் தலைநகர் பார்சிலோனா. அங்கே மொன்ஜுயிக் குன்றின் மேல் நிற்கும் கட்டலோனியா தேசியக் கலை அருங்காட்சியகத்துக்குள் போனால், ரோமனெஸ்க் எனப்படும், கோதிக்குக்கு முந்தைய இடைக்கால ஐரோப்பியக் கலைப் பிரிவின் முதல் கூடங்களிலேயே அந்த நினைப்பு அடிபட்டுப்போகும். அங்கே இருப்பவை தேவாலயச் சுவர்கள். பலிபீடத்துக்குப் பின்னால் அரைவட்டமாக வளைந்து, தலைக்கு மேல் கவிந்து நிற்குமே, அந்தப் பகுதிகள். பிரான்ஸ் எல்லையை ஒட்டிய பிரனீஸ் மலைக் கிராமங்களில் சுமார் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பட்ட ஓவியங்கள், அதே வளைவோடும் அதே உயரத்தோடும் நகரத்துக் கூடத்தில் நிற்கின்றன. அவை எப்படி மலையிறங்கின என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அந்த வரலாற்றில் மெச்சத்தக்கதும் உண்டு, முகம் சுளிக்க வைப்பதும் உண்டு.

1907இல் தொடங்குகிறேன். கட்டலான் மொழிக்கும் வரலாற்றுக்கும் ஆய்வுக்கழகம் தொடங்கப்பட்ட ஆண்டு அது. தங்களுக்கென்று ஒரு மொழி, ஒரு பழமை, ஒரு கலை உண்டு என்று கட்டலான் மக்கள் உரத்துப் பேசத் தொடங்கியிருந்த காலம். அந்த ஆண்டே ஜுசெப் புச் இ கதஃபால்க் என்ற கட்டடக் கலைஞர் தலைமையில் ஒரு சிறு குழு மலையேறியது. சாலை ஒழுங்காக இல்லாத போயி பள்ளத்தாக்கு வரை போய், சின்னஞ்சிறு கல் தேவாலயங்களுக்குள் சுவரோவியங்களைப் பார்த்தார்கள். அளந்தார்கள், படம் எடுத்தார்கள். பின்னர் ஓவியர்களை அனுப்பிப் பிரதி எடுத்துப் புத்தகமாகவும் வெளியிட்டார்கள். அவர்கள் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அருமையான பொருள் இன்ன ஊரில் இருக்கிறது என்று அச்சிட்டுச் சொன்னால், அறிஞர்கள் மட்டுமா படிப்பார்கள்? வியாபாரியும் படிப்பான்.

படித்தார்கள். 1919இல் மூர் என்ற ஊரின் சாந்தா மரியா தேவாலயத்து ஓவியங்கள் விலைபோயின. வாங்கியவர் லூயிஸ் பிளாந்தியூரா, பார்சிலோனாவைச் சேர்ந்த செல்வந்தர், பெரிய கலைச் சேகரிப்பாளர். அவர் கைமாற்றிவிட, இத்தாலியிலிருந்து வந்த கைவினைஞர்கள் ஓவியத்தைச் சுவரிலிருந்து உரித்தெடுத்தார்கள். அது அட்லாண்டிக் கடலைத் தாண்டியது. 1921 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இந்தச் செய்தி எட்டியதும் பார்சிலோனாவின் அருங்காட்சியக வாரியம் பதறியது. அங்கே இருந்த ஜுவாகிம் ஃபோல்க் இ தோரெஸ் என்ற கலை வரலாற்றாளர் மற்ற ஊர் ஓவியங்களும் இதே வழியில் போய்விடும் என்று கணக்குப் போட்டார். அன்றைய நிலையில் விற்பனையைத் தடுக்க வலுவான சட்டம் இல்லை. மீதி இருந்தது ஒரே வழி: வியாபாரிக்கு முன்னால் நாமே வாங்கி, நாமே உரித்து எடுத்து வருவது. வாரியம் யாரை வேலைக்கு அமர்த்தியது தெரியுமா? மூர் ஓவியத்தை உரித்த அதே ஸ்டெஃபனோனி குழுவை! அங்கே வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது.

அந்த வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இத்தாலியர்கள் அதை ஸ்ட்ராப்போ என்பார்கள். மிருகத் தோல், எலும்பு இவற்றைக் காய்ச்சி எடுத்த பசையை ஓவியத்தின் முகத்தில் தடவி, அதன் மேல் பருத்தித் துணியை ஒட்டுவார்கள். பசை காயக் காயத் துணி இறுகும், நிறப்பூச்சைத் தன்னோடு கவ்விக்கொள்ளும். பிறகு உளியும் சுத்தியலும் கொண்டு ஓரத்திலிருந்து நெம்பி இழுப்பார்கள். ஆறிய பாலின் மேல் ஆடையை எடுப்பதுபோல, சுவர் அங்கேயே நிற்க, நிறம் மட்டும் மெல்லிய ஏடாகத் துணியோடு வந்துவிடும். அதைப் பாய் சுருட்டுவதைப் போல சுருட்டிப் பெட்டியில் அடைத்துக் கோவேறு கழுதையின் முதுகில் ஏற்றினார்கள். மலைப்பாதையில் இறங்கி, நகரம் வந்து சேர்ந்ததும் ஏட்டின் முதுகுப் பக்கத்தில் புதிய துணி ஒட்டி, முன்பக்கத் துணியை வெந்நீரால் நனைத்துக் கழற்றினார்கள். பிறகு தச்சர்கள் தேவாலய வளைவின் அளவுக்கே மரச்சட்டம் செய்ய, அதன் உட்புறத்தில் ஓவியத்தைப் பதித்தார்கள். 1919 முதல் 1923 வரை ஊர் ஊராக இது நடந்தது.

இன்று அந்தக் கூடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த மரச்சட்டங்களின் பின்பக்கம். முன்னால் நின்றால் தேவாலயம். பக்கவாட்டில் நடந்து பின்னால் போனால் விலா எலும்புகள் மாதிரி வளைந்த மரங்கள், குறுக்குக் கட்டைகள். வேலை நடந்த விதத்தை ஒளிக்காமல் காட்டியிருக்கிறார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

இவற்றுள் முதன்மையானது தாவுல் கிராமத்தின் சான் கிளிமென் தேவாலய ஓவியம். அந்தத் தேவாலயம் 1123 டிசம்பர் 10 அன்று வழிபாட்டுக்காக அர்ச்சிக்கப்பட்டது என்பதற்கு அங்கேயே தூணில் எழுதிய சான்று உண்டு. ஓவியத்தின் நடுவில் பாதாம் வடிவ ஒளிவட்டத்துக்குள் கிறிஸ்து அமர்ந்திருக்கிறார். நீண்ட முகம், கறுத்த கோடுகளால் வகுத்த புருவமும் மூக்கும், விலகிப் பார்க்க விடாத கண்கள். இடக்கையில் விரித்த ஏடு, அதில் லத்தீனில் ‘நானே உலகின் ஒளி’. உடையின் மடிப்புகளைத் துணியாக வரைய அந்த ஓவியர் முயலவே இல்லை. தாளம் போட்டதுபோல் கோடுகளாக அடுக்கிவிட்டார். நீல நிறம் ஏரினைட் என்ற கனிமத்திலிருந்து வந்தது, அது அந்த மலைப்பகுதியிலேயே கிடைப்பது. வளைவின் மேல் ஏழு கண் உள்ள ஆட்டுக்குட்டி ஒன்று இருக்கிறது. இன்னொரு வளைவில் பைபிள் கதையில் வரும் ஏழை லாசர் பணக்காரன் வாசலில் கிடக்க, ஒரு நாய் அவன் புண்ணை நக்குகிறது. கிறிஸ்துவின் பேரழகில் மயங்கி இந்த நாயைப் பார்க்காமல் வருகிறவர்களே அதிகம். தயவுசெய்து பாருங்கள். இதை வரைந்தவர் பெயர் நமக்குத் தெரியாது. தாவுல் ஓவிய ஆசான் என்று மட்டும் குறிப்பிடுகிறார்கள்.

கட்டடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. தூரத்திலிருந்து பார்த்தால் பழைய அரண்மனை என்று தோன்றும். உண்மையில் 1929இன் உலகப் பொருட்காட்சிக்காகக் கட்டியது. எனக்கு அது ஆடம்பரம் மிகுந்த கட்டடமாகத்தான் படுகிறது. அதே இடத்துக்கு முன்னால், கட்டலான் கொடியின் நான்கு கோடுகளை நினைவூட்டும்படி நான்கு தூண்களை நிறுத்தியிருந்தார் புச் இ கதஃபால்க், 1907இல் மலையேறிய அதே மனிதர். ப்ரிமோ தெ ரிவேராவின் சர்வாதிகார ஆட்சி 1928இல் அவற்றை இடித்துத் தள்ளியது. அந்த ஆட்சியின் பொருட்காட்சிக் கட்டடத்திலேயே 1934இல் கட்டலோனியாவின் கலை குடியேறியது. முதல் இயக்குநர் ஃபோல்க் இ தோரெஸ். தூண்களை 2010இல்தான் மீண்டும் எழுப்பினார்கள்.

இவை தவிர, ரோமனெஸ்குக்கு அடுத்து வந்த கோதிக் காலப் பலகை ஓவியங்களும், ஃபோர்துனி என்ற ஓவியரின் படங்களும், ரமோன் காசாஸ் தன் நண்பரோடு இரட்டைச் சைக்கிள் ஓட்டும் பிரபலமான படமும், கௌதி செய்த நாற்காலிகளும் உண்டு. அவற்றுக்குத் தனிக் கூட்டமே போடலாம், இன்று விட்டுவிடுகிறேன்.

பிளாந்தியூராவை மட்டும் விட முடியாது. மூர் ஓவியத்தை வெளிநாட்டுக்குப் போகவைத்த அவரது சேகரிப்பை 1932இல் பார்சிலோனா பொதுப்பணத்தில் வாங்கியது. அருங்காட்சியகம் பெருமையோடு காட்டும் பல பொருட்கள் அப்படி வந்தவை. விற்றவரிடமே போய் வாங்க வேண்டியிருந்தது. தேசியச் சேகரிப்புகளின் வரலாற்றில் தூய்மையான பக்கங்களைத் தேடினால் ஏமாந்துதான் போவோம்.

1936இல் உள்நாட்டுப் போர் வந்தது. தேவாலயங்கள் எரிந்தன. ஓவியங்களை ஓலோட் என்ற ஊருக்கு நகர்த்தினார்கள். ஒரு பகுதி 1937இல் பாரிஸ் கண்காட்சிக்குப் போனது. கட்டலோனியாவுக்கு அடுத்த அரகோன் பகுதியில் சிஹேனா மடாலயமும் எரிந்தது. அதன் பெரிய மண்டபத்தில் 1200ஆம் ஆண்டை ஒட்டித் தீட்டிய அற்புதமான ஓவியங்கள் வெப்பத்தில் நிறம் மாறிவிட்டன. எஞ்சியதை ஜுசெப் குதியோல் என்ற கட்டலான் அறிஞர் உரித்தெடுத்துக் காப்பாற்றினார். அவை பின்னர் இந்த அருங்காட்சியகத்துக்கே வந்து சேர்ந்தன. அவர் போகாமல் இருந்திருந்தால் இன்று வழக்குப் போட எதுவும் மிஞ்சியிருக்காது.

வழக்கு என்றேன் அல்லவா? அந்த ஓவியங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று அரகோன் தரப்பு நீதிமன்றம் போனது. 2016இல் அரகோனின் ஊயெஸ்கா நகர நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2025 மே மாதம் ஸ்பெயின் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. தீயில் வெந்த நிறப்பூச்சு பயணத்தையும் இடமாற்றத்தையும் தாங்காது என்பது அருங்காட்சியகத்தின் வாதம். அதைச் சாக்கு என்று நான் ஒதுக்கவில்லை. பூச்சு உண்மையிலேயே பலவீனமானது. ஆனால் ஒரு கேள்வி நெருடுகிறது. கோவேறு கழுதை முதுகில் ஓவியங்களைச் சுருட்டிக் கொண்டுவந்தபோது, வெளியாளிடமிருந்து காப்பாற்றுகிறோம் என்று பார்சிலோனா சொன்னது. இப்போது அரகோன்காரர்களின் கண்ணுக்குப் பார்சிலோனாதான் வெளியாள். காப்பாற்றியவருக்கு நன்றிக்கடன் உண்டு, அதை யாரும் மறுக்க முடியாது. அந்தக் கடனைப் பொருளின் மேல் உரிமையாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன். எப்படி எடுத்துப்போவது, எவ்வளவு காலம் எடுத்துக்கொள்வது என்பதை இரு தரப்பின் பாதுகாப்பு வல்லுநர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவுசெய்யட்டும். நூறு ஆண்டுக்கு முன் இருந்ததைவிட இன்று கருவிகள் நிறையவே இருக்கின்றன. அதுவரை சிஹேனா கூடத்தின் வாசலில் இந்த வழக்கையும் இரு தரப்பு வாதத்தையும் விளக்கமாக எழுதிவைக்கலாம். மரச்சட்டத்தின் முதுகைக் காட்டத் துணிந்தவர்களுக்கு அது பெரிய காரியம் அல்ல.