ஐசி மாத்தியும் சவுண்டு மாறலையே? டியூப் ஸ்க்ரீமர் கிட் சந்தேகம்

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு சந்தேகம்தான் எடுத்துக்கிறேன், மத்ததெல்லாம் அடுத்த தடவை. டியூப் ஸ்க்ரீமர்னா கிட்டார் சத்தத்தை நெரிச்சு கரகரப்பாக்குற கால் பெடல். அதைப் பத்தி ஒரு நேயர் கேட்டிருக்கார்: "டியூப் ஸ்க்ரீமர் கிட் வாங்கி நானே ஈயம் வெச்சு முடிச்சேன். முதல் தடவையே வேலை செஞ்சுது. ஆனா மூக்கால பேசுற மாதிரி இருக்கு. பழைய ஜப்பான் 4558 போட்டா சரியாயிடும்னாங்க. கிட் விலையில பாதி குடுத்து வாங்கி மாத்தினேன். ஒரு வித்தியாசமும் இல்ல. டூப்ளிகேட் ஐசி குடுத்துட்டாங்களா?"

குடுத்திருக்கலாம். ஆனா அசலே வந்திருந்தாலும் அந்த மூக்கு அப்படியேதான் இருந்திருக்கும். டிஸ்டார்ஷன் கிட் வீடியோ பார்த்தவங்களுக்கு நம்ம பழைய பல்லவி ஞாபகம் இருக்கும்: சவுண்டு ஐசில இல்ல, அதைச் சுத்தி நிக்கிற நாலு உருப்படில இருக்கு.

4558-ங்கிறது சிக்னலைப் பெருக்குற ஒரு ஐசி, ஒண்ணும் அபூர்வ மூலிகை இல்லைங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் ஒரு பேஸ்-ட்ரெபிள் போர்டு கேளுங்க, நடுவுல உக்காந்திருக்கிறது பெரும்பாலும் இதே எட்டுக் கால் பூச்சிதான். டியூப் ஸ்க்ரீமரோட பழைய மாடல் டிஎஸ்808 வந்தப்போ, 1979 வாக்குல, சல்லிசா கிடைச்ச சாதாரண ஐசி, அதனால போட்டாங்க.

கணக்கு போட்டே பார்த்துடலாம். இந்த சர்க்யூட்ல நெரிசலைக் கூட்டிக் குறைக்குற டிரைவ் கண்ட்ரோல் 500கே (கிலோ ஓம்), அதோட சீரியல்ல ஒரு 51கே. கீழே 4.7கே. டிரைவை முழுசா திருப்பினா 551-ஐ 4.7 ஆல வகுத்து, கூட ஒண்ணு சேர்த்துக்கங்க. கெயின், அதாவது சிக்னல் பெருகுறது, சுமார் 118 மடங்கு. முழுசா குறைச்சா சுமார் 12. 4558-ஓட கெயின் பேண்ட்வித், அதாவது கெயினையும் அது தாங்குற ஃப்ரீக்வென்சியையும் பெருக்கினா வர்ற எல்லை, ஏறக்குறைய 3 மெகாஹெர்ட்ஸ். 118 ஆல வகுத்தா 25 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் தாங்கும். ஆனா டிரைவுக்கு குறுக்கே ஒரு குட்டி 51 பிகோ கெப்பாசிட்டர் இருக்கே, அது டிரைவ் முழுசா இருக்கும்போது 5.7 கிலோஹெர்ட்ஸ்லயே கதவை சாத்த ஆரம்பிச்சுடும். அப்புறம் ஐசி 25 வரைக்கும் ஓடினா என்ன, 80 வரைக்கும் ஓடினா என்ன? 4558-க்கு பதிலா வேற ஐசி, டிஎல்072 போடுங்க, என்இ5532 போடுங்க, காதுக்கு எட்டுறது ரொம்பக் கொஞ்சம். 5532 கரண்ட் கூட இழுக்கும், பேட்டரி சீக்கிரம் தீரும். அது மட்டும் நிச்சயமா தெரியும்.

சரி, மூக்கு எங்கேருந்து வருது? அந்த 4.7கே கூட சீரியல்ல 0.047 மைக்ரோ, அதாவது 47 நானோ கெப்பாசிட்டர் ஒண்ணு இருக்கு. இது ரெண்டும் சேர்ந்தா 720 ஹெர்ட்ஸ். அதுக்கு கீழே போகப் போக கெயின் குறைஞ்சுகிட்டே வரும். உங்க ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸ். அதோட அடி சுருதிக்கு கிடைக்கிற கெயின், நடு சுருதிக்கு கிடைக்கிறதுல ஒரு சின்ன பங்குதான். அடுத்து டோன் பகுதியில 1கே ரெசிஸ்டரும் 0.22 மைக்ரோவும். அதையும் கணக்கு போட்டா 723 ஹெர்ட்ஸ், அங்கேருந்து மேல இருக்கிறதை அது குறைக்குது. கீழேயும் நறுக்கி மேலேயும் நறுக்கினா நடுவுல ஒரு மேடுதானே நிக்கும்? அந்த மேடுதான் உங்க மூக்கு.

அதை கோளாறுன்னு நினைக்காதீங்க. பேஸ் சுருதியை அப்படியே உள்ளே விட்டு நெரிச்சா கஞ்சி மாதிரி குழைஞ்சு போகும், அதனால வேணும்னே பண்ணின வேலை. வீட்ல தனியா வாசிச்சா மூக்கு. டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் கூட இருந்தா, அதே மேடுதான் உங்களை மேலே கொண்டு வந்து நிறுத்தும். அதனால முதல்ல டிரைவ் திருகை கடிகாரத்துல ஒன்பது மணி இருக்கிற இடத்துக்கு குறைச்சு, லெவலை ஏத்தி, ஆம்ப்ளிஃபயரை கொஞ்சம் அதட்டிப் பாருங்க. அதுக்கு அப்புறமும் பிடிக்கலைன்னா சால்டரிங் அயர்னை எடுங்க.

மாத்த வேண்டியது அந்த 47 நானோ. போர்டுல ஒவ்வொரு கிட்லயும் ஒவ்வொரு நம்பர் போட்டிருப்பாங்க, நம்பரை நம்பாதீங்க. பவரை எடுத்துட்டு மல்டிமீட்டரை பீப் சத்தத்துல வைங்க. ஐசியோட 2-ஆம் கால் இல்லைன்னா 6-ஆம் கால்லேருந்து 4.7கே ரெசிஸ்டரோட ஒரு முனைக்கு பீப் வரும். அந்த ரெசிஸ்டரோட மறு முனையில ஒட்டிக்கிட்டு இருக்கிறதுதான் நம்ம ஆளு. மேல 473-ன்னு எழுதியிருக்கும், சிலதுல .047. 224-ன்னு இருந்தா அதை விட்டுடுங்க, அது டோன் பக்கத்து ஆளு.

எதையும் கழட்டாமலே சோதனை பண்ணலாம். இன்னொரு 473 எடுத்து, போர்டுக்கு பின்பக்கம், பழைய 473 கால்கள் மேலேயே வெச்சு ஈயம் தொட்டு விடுங்க. பேரலல்ல கெப்பாசிட்டர் கூடும்: 94 நானோ. 720 இப்போ 360 ஆச்சு. உடம்பு வந்திருக்கும். இன்னும் வேணும்னு 220 நானோ போனா 154 ஹெர்ட்ஸ். சிங்கிள் காயில் (ஒத்தைச் சுருள்) பிக்கப் கிட்டாருக்கு ஒருவேளை ஓகே, ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப்புக்கு கஞ்சிதான். பேஸ் கிட்டாருக்கு அதுவே பொருத்தம். என் கணிப்புல கிட்டாருக்கு 100 நானோ, அதாவது மேல 104-ன்னு எழுதியிருக்கிறது, அங்கேயே நின்னுடுங்க.

அந்த 4.7கே மேலயும் இன்னொரு 4.7கே போட்டா ரெண்டும் சேர்ந்து 2.35கே. கெயின் ரெண்டு மடங்கு ஆகும், ஆனா 94 நானோவோட சேர்ந்தா வெட்டு திரும்ப 720-க்கே போயிடும். மூக்கு பழையபடி வந்து உக்காந்துக்கும், இரைச்சலும் கூடும். அதனால ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க.

அலையோட உச்சியை வெட்டி நெரிக்கிற டயோடு பத்தி கேப்பீங்க. 1என்4148 ரெண்டையும் எடுத்துட்டு சிவப்பு எல்ஈடி ரெண்டு, எதிரெதிரா. 0.6 வோல்ட்ல வெட்டினது இப்போ சுமார் 1.7-ல வெட்டும். சத்தம் பெருசாகும், நெரிசல் குறையும். எல்ஈடி பளிச்சுன்னு எரியும்னு எதிர்பார்க்காதீங்க, அங்க ஓடுற கரண்ட் மைக்ரோ ஆம்பியர்ல. ரெண்டையும் ஒரே திசையில போட்டுட்டா ஒரு பக்க அலை மட்டும்தான் வெட்டுப்படும், "கரகரன்னு ஒரு மாதிரி இருக்கு"ன்னு எனக்கு எழுதுவீங்க.

டூப்ளிகேட் பயத்துக்கு காது உதவாது, மீட்டர் உதவும். 9 வோல்ட் குடுத்து, கறுப்பு முள்ளை கிரவுண்டுல வெச்சு: 4-ஆம் கால் பூஜ்யம், 8-ஆம் கால் 9, மீதி ஆறு காலும் 4.5 பக்கத்துல. அப்படி இருந்தா ஐசி நல்லா வேலை செய்யுது, மேல என்ன பேர் எழுதியிருந்தாலும் சரி. ஆறுல எதுவாவது 8-க்கு மேலயோ 1-க்கு கீழயோ நின்னா, 4.5 உண்டாக்குற ரெண்டு 10கே-யையும் அங்கே இருக்கிற 47 மைக்ரோவோட பிளஸ் மைனஸையும் பாருங்க.

நீங்க கேட்காத ஒண்ணு. உண்மையில கிட் சாகுறது ஐசியால இல்ல, ஐசியை கழட்டும்போது. எட்டுக் காலையும் சூடு பண்ணி நெம்பினா பேட், அதாவது போர்டுல ஈயம் ஒட்டுற செம்பு வளையம், பிஞ்சு வந்துடும். ஐசியைக் காப்பாத்த நினைக்காதீங்க. கால்களை உடம்பு ஓரமா கட்டர்ல நறுக்கி, ஒவ்வொரு காலா புது ஈயம் தொட்டு, உருகினதும் இடுக்கியால இழுங்க. துவாரத்துல இருக்கிற ஈயத்தை செம்பு விக் (ஈயம் உறிஞ்சுற செம்புப் பின்னல்) வெச்சு உறிஞ்சிட்டு சாக்கெட் போடுங்க. சாக்கெட் ஓரத்துல இருக்கிற அரைவட்ட வெட்டும் போர்டுல வரைஞ்சிருக்கிற வெட்டும் ஒரே பக்கம் இருக்கட்டும். ஐசியை தலைகீழா சொருகினா பவர் தலைகீழா ஏறி விரல் சுடும், அந்த ஐசி முடிஞ்சது.

வை-ஃபை ரூட்டர் அடாப்டரை மட்டும் இதுல சொருகாதீங்க. அது பெரும்பாலும் 12 வோல்ட், நடு முள் பிளஸ். பெடலுக்கு வேணும்னது 9 வோல்ட், நடு முள் மைனஸ். பாதுகாப்பு டயோடு கிரவுண்டுக்கு குறுக்கே இருந்தா அதுவே கருகும்.

அந்த ரெண்டாவது 473-ஐ வெச்சுப் பாருங்க. மூக்கு போச்சா, இல்ல ரொம்பவே குழைஞ்சுதான்னு, என்ன கிட்டார், என்ன பிக்கப்னு சேர்த்து எழுதுங்க.