சன்ஸ்கிரீனில் நிறம் எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம். மினரல் சன்ஸ்கிரீன் பூசியவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: முகம் விபூதி அப்பியதுபோல வெளுத்துக் கிடக்கிறது. அந்த வெளுப்பை மறைக்கத்தான் நிறம் சேர்க்கிறார்கள் என்பது பாதி உண்மை. மாநிறத் தோலுக்கு மீதிப் பாதிதான் முக்கியம்.

இந்தக் களிம்புகளில் வெயிலைத் தடுப்பவை ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும். கண்ணாடிபோல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன என்பார்கள். உண்மையில் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் உறிஞ்சித்தான் தடுக்கின்றன. ஆனால் வெளுப்பு தெரியாமல் இருக்க இவற்றை மிக நுண்ணிய துகளாக்கியதும், 400 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியும் ஒளி தோலுக்குள் தாராளமாகப் போய்விடுகிறது. அதிலுள்ள ஊதாவும் நீலமும் மாநிற, கருநிறத் தோலில் கருமையைக் கூட்டும். மங்கு உள்ளவர்களுக்கு அதைக் கிளப்பிவிடும்.

அந்த ஒளியைத் தடுக்கத்தான் நிறம் தரும் இரும்பு ஆக்சைடு வருகிறது. மஞ்சள், சிவப்பு, கறுப்பு என மூன்று. லேபிளில் 77492, 77491, 77499 என்ற எண்களைத் தேடுங்கள். மூன்றும் சேர்ந்து 3 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. பேருக்கு ஒரு சிட்டிகை போட்ட களிம்பு நிறம் காட்டும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்பதை எஸ்.பி.எஃப். எண் சொல்லாது. அது புற ஊதாக் கதிரால் தோல் சிவப்பதை வைத்து அளப்பது.

தயாரிப்பில் கை தவறும் இடங்கள் சில. மாநிறத்துக்கு மஞ்சள்தான் அதிகம் வேண்டும், அடுத்து சிவப்பு, கறுப்பு துளி. சிவப்பு குறைந்தால் மஞ்சளும் கறுப்பும் கூடிப் பாசிப்பச்சை அடிக்கும். பொடிகளை எண்ணெயில், துகள்களை ஒட்டவிடாமல் பிரித்து வைக்கும் பாலிஹைட்ராக்சி ஸ்டியரிக் அமிலம் போன்ற ஒன்றோடு, முதலிலேயே நன்றாக அரைத்துவிட வேண்டும். துகள்கள் கட்டிபட்டால் வெளுப்பும் கூடும், பாதுகாப்பும் குறையும். பூசும்போது நிறம் கோடு கோடாக இழுக்கும். பிறகு நீரை எண்ணெயில் மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும். அவசரப்பட்டால் கலவை பிரியும். நீரில் 1 சதவீத அளவு உப்பு சேர்ப்பது அது நிலைத்து நிற்கத்தான். ஜிங்க்கை, நீரைக் கெட்டியாக்கும் கார்போமர் என்ற பொருளால் ஆன ஜெல்லில் போடுவது வேண்டாத வேலை. கரைந்து வரும் ஜிங்க் அயனிகள் ஜெல்லை நீர்த்துப்போகச் செய்யும். பூச்சிட்ட ஜிங்க் வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தனையையும் சோதனைச்சாலையில் அளந்து பார்க்காமல் வீட்டில் ஜிங்க் பொடியைக் கலந்து பூசாதீர்கள். எவ்வளவு தடுக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

நிறமுள்ள சன்ஸ்கிரீனில் ஒரு பொறி உண்டு. கொஞ்சம் தடவியதுமே முகம் சமமாகத் தெரிவதால் அங்கேயே நிறுத்திவிடுகிறோம். எஸ்.பி.எஃப். சோதனையில் பூசுவது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம். முகத்துக்கு மட்டும் ஒரு கிராமுக்கு மேல், அதாவது கால் தேக்கரண்டி. ஒரே தடவையில் அப்பினால் திட்டுத்திட்டாக நிற்கும். பாதி பூசி, இரண்டு நிமிடம் விட்டு, மீதியைப் பூசுங்கள். நிறம் ஒத்துவராவிட்டால் அளவைக் குறைக்காதீர்கள், வேறு ஷேடு வாங்குங்கள். திரவமாக இருந்தால் குலுக்கிவிட்டு எடுங்கள். நிறமி அடியில் தங்கியிருக்கும். இரவில் வெறும் தண்ணீருக்குப் போகாது. கொஞ்சம் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு முகம் கழுவுங்கள். வணக்கம்.