தாத்தா புல்லட்டும் அம்மம்மா சேலையும்: பழைய வண்டி, பழைய உடுப்பு, நம்ம ஊரு

(முதல்ல சத்தம் மட்டும். கொஞ்ச நேரம் கழிச்சு ரோட்டோரமா நிக்கிற புல்லட் தெரியும்.)

வணக்கம் மக்களே. இப்பம் நீங்க கேட்ட அந்த டப் டப் சத்தம் எங்க தாத்தா வண்டி, 1968 மாடல் புல்லட், அப்பா ஓட்டி இப்பம் என் கைக்கு வந்திருக்கு. நாங்க பழைய வண்டிக்காரங்க பத்து பன்னெண்டு பேரு அப்பப்பம் ஞாயித்துக்கிழமை காலைல ஒண்ணு சேருவோம், வண்டி எந்த காலத்ததோ அந்த காலத்து உடுப்புல தான் வரணும், அது ஒண்ணு தான் ரூல்ஸ். அத எப்பிடி ரசிச்சு செய்யலாம்னு தான் இந்த வீடியோ.

வெளிநாட்டுல இது ரொம்ப நாளா இருக்கு. இங்கிலாந்துல குட்வுட்னு ஒரு ரேஸ் டிராக், 1948ல இருந்து 1966 வரைக்கும் அங்க ரேஸ் நடந்துச்சு, 1998ல இருந்து வருஷா வருஷம் அந்த காலத்த அப்படியே திருப்பி கொண்டு வாறாங்க, ஓடுற காரும் அந்த காலத்தது, பாக்க வாற ஜனங்க உடுப்பும் அந்த காலத்தது. பைக்குக்கு 2012ல சிட்னில மார்க் ஹவ்வான்னு ஒருத்தர் தொடங்குன ரைடு இருக்கு, கோட்டு சூட்டு போட்டு கிளாசிக் பைக்குல போய் புரோஸ்டேட் கேன்சருக்கும் ஆம்பளைங்க மனநலத்துக்கும் பணம் சேப்பாங்க. ரெண்டுமே எனக்கு ரொம்ப பிடிக்கும். ஆனா நாகர்கோவில் வெயில்ல கோட்டு போட்டுட்டு நிக்க எனக்கு மனசில்ல, நமக்குன்னு ஒரு பழைய காலம் இருக்கே, அத உடுத்தலாம்லா.

வண்டி கதைக்கு வாறேன். மெட்ராஸ்ல புல்லட் செய்ய தொடங்குனது 1955ல, நம்ம மாவட்டம் திருவிதாங்கூர்ல இருந்து பிரிஞ்சு வந்தது 1956 நவம்பர் 1, அப்பம் பாத்துக்கோங்க, மெட்ராஸ் புல்லட் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்த விட மூத்தது! அம்பாசிடர் அதுக்கும் அடுத்த வருஷம் 1957, அது 2014 வரைக்கும் வந்துச்சு.

எல்லாரும் கேக்குற கேள்வி, என் எண்பதுகள் சேத்தக் ஸ்கூட்டர் வின்டேஜா, ஆர்எக்ஸ் 100 பைக் வின்டேஜான்னு. சட்டப்படி இல்ல. 2021 ஜூலைல மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி முதல் ரிஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சு 50 வருஷம் தாண்டிருக்கணும், பெருசா மாத்தாம ஒரிஜினலா இருக்கணும், கமர்ஷியலா ஓட்டக்கூடாது. புதுசா பதிய 20,000 ரூபா, 10 வருஷத்துக்கு செல்லும், நம்பர்ல விஏன்னு ரெண்டு எழுத்து வரும், ஏற்கனவே நம்பர் உள்ள வண்டின்னா பழைய நம்பரையே வச்சுக்கலாம். ஆனா அப்பிடி பதிஞ்சா தினசரி கடைக்கு கண்ணிக்கு எடுத்துட்டு போக முடியாது, கண்காட்சி, ரேலி, பெட்ரோல், ரிப்பேர் இதுக்கு தான். எங்க கூட்டத்துல 1980கள்ல வந்த சேத்தக்கும் நிக்கும், சட்டம் என்ன சொன்னாலும் அது எங்களுக்கு பழைய வண்டி தான்.

(புல்லட் ஆம்பியர் மீட்டர், கிட்டத்துல)

இத ஸ்டார்ட் பண்றது ஒரு தனி சுகம். சாவிய போட்டுட்டு கிக்கர பைய பைய அமுக்குங்க, இந்த முள்ளு இருக்குல்லா, பாயின்ட், அதாவது தீப்பொறிக்கு கரண்ட விட்டு நிறுத்துற சின்ன சுவிட்ச், மூடியிருந்தா கரண்டு ஓடும், முள்ளு மைனஸ் பக்கம் சாயும், பாயின்ட் தொறந்ததும் நடுவுக்கு வந்துரும், அதாவது பிஸ்டன் மேல வந்தாச்சு. அங்கன நிறுத்தி, இன்ஜின் உள்ள அழுத்தத்த வெளிய விடுற டீகம்ப்ரஷர் லிவர பிடிச்சு கிக்கர இன்னும் கொஞ்சம் எறக்கி, லிவர விட்டுட்டு, கிக்கர் மேல வந்ததும் ஒரே மிதி. கோவத்துல சவுட்டுனா கிக்கர் திருப்பி அடிக்கும், எனக்கு ஒருக்க கணுக்கால் வீங்கி நாலு நாள் செருப்பு போட முடியல. இன்னொண்ணு, கியர் வலது காலு, பிரேக் இடது காலு, புது பைக் ஓட்டி பழகினவங்க காலி கிரவுண்டுல ஓட்டிப் பாத்துட்டு ரோட்டுக்கு வாங்க.

இனி உடுப்பு. வாடகைக்கு வேஷம் எடுக்காதீங்க, வீட்டு ஆல்பத்த தொறங்க. எங்க தாத்தா இந்த வண்டி பக்கத்துல நிக்கிற படத்துல டபுள் வேட்டி, தொளதொளன்னு ஒரு அரைக்கை சட்டை, அவ்வளவு தான், எவ்வளவு கம்பீரம்! எழுபதுகள் வண்டின்னா பெல்பாட்டம், பெரிய காலர். பெண்களுக்கு வாயில்னு சொல்ற மெல்லிசு பருத்தி சேலை, பஃப் கை பிளவுஸ், பாவாடை தாவணி. அம்மம்மா பிளவுஸ் ஒண்ணுல கை ஓரத்துல கையால பின்னின லேஸ் இருக்கு, 1800கள் முதல் பாதில மிஷனரி பெண்கள் நாகர்கோவில்ல சொல்லிக்குடுத்த வேலை அது, இன்னைக்கும் பின்னுற கைகள் இங்க இருக்கு.

இங்கன கொஞ்சம் நிக்கணும். எங்க கூட்டத்துல ஒருத்தங்க ராஜா காலம்னு தீம் வைக்கலாமான்னு கேட்டாங்க, நான் வேண்டாம்னுட்டேன். ராஜா காலத்துல இதே மண்ணுல நாடார் பெண்களும் இன்னும் பல சாதி பெண்களும் மார மறைக்க உரிமை இல்லாம இருந்தாங்க, மேல போட்டுட்டு வந்தவங்க உடுப்ப சந்தைல வச்சு கிழிச்சாங்க, பல வருஷம் போராடி 1859ல தான் நாடார் பெண்கள் மேல உடுத்தலாம்னு உத்தரவு வந்துச்சு, தோள்சீலைப் போராட்டம்னு படிச்சிருப்பிய. நம்ம பாட்டிமாரோட பாட்டிமாரு அடி வாங்கி வாங்குன துணி இது. அந்த லேஸ் வச்ச பிளவுஸ என் தங்கச்சி போட்டுட்டு இந்த வண்டில ஏறும்போ எனக்கு அது நினைவுக்கு வராம இருக்காது. அதனால எந்த காலத்த உடுத்துறோம்னு யோசிச்சு உடுத்துங்க மக்களே, ஒருத்தருக்கு அழகா இருந்த காலம் இன்னொருத்தருக்கு வலிச்ச காலமா இருக்கும்.

சேலை கட்டிட்டு பின்னால இருக்கவங்க சாரி கார்டு பக்கமா காலு வச்சு முந்தானைய இடுப்புல சொருகிக்கோங்க, வேட்டிக்காரங்க மடிச்சு இறுக்கி கட்டுங்க, வீல்லயும் செயின்லயும் துணி மாட்டுனா அது விளையாட்டில்ல. ஹெல்மெட் கட்டாயம், முகம் தெரியுற பழைய ஸ்டைல்லயே ஐஎஸ்ஐ போட்டது கிடைக்குது.

எங்க போகலாம்? எனக்கு பிடிச்சது மாத்தூர் தொட்டிப்பாலம், அது 1966ல கட்டுனது, அறுபதுகள் வண்டியும் உடுப்பும் அதுக்கு கீழ நின்னா படத்துல எல்லாம் ஒரே காலம், அவ்வளவு கொள்ளாம்! ஆரல்வாய்மொழி பக்கம் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் காத்து பயங்கரம், லேசான வண்டிய தள்ளும், அந்த மாசங்கள்ல நாங்க அங்க போறதில்ல.

முட்டம், குளச்சல் கடற்கரை படத்துக்கு அழகு தான், ஆனா உப்புக்காத்து ஸ்போக்குலயும் மட்கார்டு உள்பக்கமும் ஏறி குந்திரும், நாலு மாசத்துல துரு. போனா அன்னைக்கே நல்ல தண்ணில அடிபாகம் வர கழுவி, துடைச்சு, கொஞ்ச தூரம் ஓட்டி காய விட்டு, குரோம்ல ஆயில் துணி போட்டுருங்க. அம்மம்மா சேலையையும் அன்னைக்கே அலசிருங்க, ரெண்டுலயும் ஒரே உப்பு தான்.