இரண்டு 'முடியாது'களும் ஒரு சைக்கிளும்

நடுவர் அவர்களே, பேசி முடித்த களைப்பில் சோடா குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பரே, கொசுக்கடியையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, வணக்கம்.

'தமிழ் மாநில காங்கிரஸ் தேய்ந்தது மூப்பனாரின் மறைவாலா, கூட்டணித் தடுமாற்றத்தாலா?' இதுதான் தலைப்பு. மறைவால்தான் என்று நண்பர் உருகி உருகிப் பேசினார். முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்கும் தொண்டை அடைத்தது. அப்புறம் வருஷக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், அடைப்பு நீங்கிவிட்டது. மூப்பனார் மறைந்தது 2001 ஆகஸ்ட் 30. கட்சி மக்களவையில் ஒரு இடம்கூட இல்லாமல் நின்றது 1999-ல். அப்போது தலைவர் உயிரோடு, மேடை மேடையாகப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

எங்கள் ஊர் மூப்பனாரின் சொந்த ஊரான கபிஸ்தலத்துக்குப் பக்கம். 1996-ல் காங்கிரஸ் தலைவர் நரசிம்மராவ் அ.தி.மு.க.வோடுதான் கூட்டணி என்று முடிவெடுக்க, மூப்பனார் முடியாது என்று காங்கிரஸை விட்டு வெளியே வந்தார். மார்ச் கடைசியில் கட்சி, மே மாதம் முடிவு. என் சித்தப்பா பரம்பரைக் காங்கிரஸ்காரர். வீட்டுச் சுவரில் தானே வரைந்த கையை ஒரே ராத்திரியில் சுண்ணாம்பு அடித்து மறைத்தார். கை வரைவது சுலபம். உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் கரிக்கோடு இழுத்தால் போதும். புதுக் கட்சியின் சின்னமான சைக்கிளுக்கு இரண்டு வட்டம் வேண்டுமே! ஆணி அடித்து, சணலைக் கட்டி, மறுமுனையில் கரித்துண்டை முடிந்து சுற்றினார். ஆணி ஆடாமல் பிடித்தவன் நான். அப்படியும் முன்சக்கரம் பெரிதாகிவிட்டது. "இருக்கட்டும்டா, வேகமாப் போகும்" என்றார்.

போனதும் போனது! சட்டமன்றத்துக்கு 40 இடத்தில் நின்று 39. மக்களவைக்கு 20-ல் 20. கட்சியின் ப. சிதம்பரம் டெல்லியில் நிதியமைச்சர். அ.தி.மு.க. வெறும் 4 இடத்தில் சுருண்டதால், கோட்டையில் எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியும் த.மா.கா.வுக்கே வந்தது. ஆளும் தி.மு.க.வின் கூட்டாளியே எதிர்க்கட்சி! நடுவர் அவர்களே, எதிரணியிலும் நம்ம ஆளே உட்கார்ந்தால் பட்டிமன்றம் எவ்வளவு சுகமாக இருக்கும்?

சைக்கிள் ஓடியது சரி, மிதித்தது யார்? தி.மு.க. தொண்டர்கள் மிதித்தார்கள். ரஜினி பின்னாலிருந்து தள்ளினார். ஜெயலலிதா அம்மையார் ஆட்சி மேல் இருந்த கோபம் இறக்கமான பாதையாக அமைந்தது. த.மா.கா. வீட்டிலிருந்து கொண்டுவந்த சொத்து ஒன்றே ஒன்றுதான்: அந்த 'முடியாது'.

1998-ல் 20 என்பது 3 ஆனது. அது மொத்த அணிக்கும் விழுந்த அடி, தி.மு.க.வே 5-க்கு இறங்கியது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

1999-க்கு வருகிறேன். தி.மு.க. பா.ஜ.க.வோடு போனது. மூப்பனார் இரண்டாவது முறையாக முடியாது என்றார். அந்தப் பக்கம் அ.தி.மு.க.வோடு காங்கிரஸ், அங்கேயும் போகவில்லை. திருமாவளவனை அழைத்துவந்து சிதம்பரம் தொகுதியில் சைக்கிள் சின்னத்தில் நிறுத்தினார். என்னைக் கேட்டால், அந்தக் கட்சி செய்ததிலேயே கௌரவமான காரியம் அதுதான். எல்லா இடத்திலும் தோல்வி. ப. சிதம்பரமே சிவகங்கையில் தோற்றார். ஆனாலும் தேர்தல் முடிந்த மறுநாள் சித்தப்பா டீக்கடைக்குத் தலை நிமிர்ந்துதான் போனார். நான் கூடவே போனேன், பார்த்தேன்.

2001-ல் என்ன நடந்தது? எந்த அ.தி.மு.க. வேண்டாமென்று கட்சி பிறந்ததோ, அதே அ.தி.மு.க.வோடு கூட்டணி. 32-ல் 23 ஜெயித்தது. நண்பர் இதை மறுவாழ்வு என்றார். ஐயா, அன்றைக்கு எங்கள் சுவரில் சைக்கிளுக்குப் பக்கத்தில் இரட்டை இலை வரைய ஆள் வந்தபோது, பச்சை பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் சித்தப்பா. அந்த முகத்தைப் பார்த்திருந்தால் மறுவாழ்வு என்ற வார்த்தை உங்கள் வாயில் வந்திருக்காது. ப. சிதம்பரம் தனிப் பேரவை கண்டு வெளியேறினார். தலைவரும் சில மாதங்களில் மறைய, 2002-ல் கட்சி காங்கிரஸில் கரைந்தது. தனியாக இருக்கக் காரணம் இல்லாத வீட்டில் எத்தனை நாள்தான் தனி உலை வைப்பது?

மறைவுதான் காரணம் என்கிறீர்களே, 2014-ல் மூப்பனாரின் மகன் வாசன் கட்சியை மறுபடி தொடங்கினார். தலைவர் நன்றாக இருக்கிறார், நீடூழி வாழட்டும். கட்சி ஏன் எழவில்லை? 2016-ல் மக்கள் நலக் கூட்டணியோடு, 26 இடத்தில் நின்று பூஜ்யம். 2021-ல் இரட்டை இலையிலேயே 6 இடம், பூஜ்யம். 2024-ல் 3 இடம், பூஜ்யம். அதுவும் யாரோடு? பா.ஜ.க.வோடு! முதல் 'முடியாது' 2001-ல் போயிற்று, இரண்டாவதும் போயிற்று. இதில் மறைவு எங்கே வந்தது?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். 2016-ல் கிடைத்த சின்னம் தென்னந்தோப்பு. கட்சிக்காரர்கள் பிரஷ்ஷோடு வந்தார்கள். சித்தப்பா சுவரை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு தென்னைன்னா போட்டுடலாம். தோப்புக்குச் சுவர் பத்தாதேடா" என்று டப்பாவை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நன்றி, வணக்கம்.