தெளிந்த பளிங்குபோன்ற பொன்

(ரங்கூன் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, தூரிகை பிடிக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

பரலோகத்தை வரையச் சொன்னால் நம்மவர் கை தானாகப் போய் எடுப்பது மூன்று டப்பா: வெள்ளை, நீலம், மஞ்சள். மேகத்துக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று, பொன்னுக்கு ஒன்று. படம் முடிந்ததும் பார்த்தால் காலண்டர் மாதிரி இருக்கும். கோளாறு கையில் இல்லை. வசனத்தைப் பாதியில் விட்டதுதான் கோளாறு.

வெளிப்படுத்தின விசேஷம் 21ஆம் அதிகாரம், 18ஆம் வசனம். நகரம் "தெளிந்த பளிங்குக்கு ஒப்பான சுத்தப்பொன்" என்று இருக்கிறது. மூன்று வசனம் தள்ளி, வீதிக்கும் அதே பேச்சு. பொன் எப்படிப் பளிங்காகும்? மஞ்சள் சாயம் எத்தனை பூச்சு பூசினாலும் ஆகாது. ஆனால் ஒரு பொன் ஏட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம்தான் அதற்கு. வெளிச்சம் அதன் வழியாகப் பச்சையாக ஊறி வரும். பழைய மொசைக் கலைஞர்கள் இந்த ஏட்டை இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து உருக்கி ஒட்டிச் சின்னச் சின்னச் சதுரமாக நறுக்கினார்கள். இத்தாலியில் ராவென்னா நகரத்து சான் விட்டாலே ஆலயம், 547இல் பிரதிஷ்டையானது. அங்கே பொன் கண்ணாடிக்குள்ளிருந்துதான் ஒளிர்கிறது. வசனத்தை அப்படியே கையால் செய்து காட்டிய வேலை அது.

நாம் இத்தாலிக்குப் போக வேண்டியதில்லை. மந்தலேயில் மூங்கில் காகிதத்துக்கு நடுவே பொன்னை வைத்து, கொட்டாங்குச்சி நீர்க்கடிகாரத்தில் நேரம் பார்த்து, மணிக்கணக்கில் சுத்தியலால் அடிக்கிறார்கள். பர்மியர் 'ஹ்மன்சி ஷ்வேச்சா' என்று சொல்லும் கண்ணாடிப் பதிப்பு வேலையைப் பகோடா மண்டபங்களில் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். இது அடுத்த மதத்தின் வேலையாயிற்றே என்று யாராவது தயங்கினால், 1498இல் ஜெர்மன் கலைஞர் டியூரர் வெளிப்படுத்தின விசேஷத்துக்கு வெளியிட்ட பதினைந்து மரச்செதுக்குப் படங்களை நினைத்துக்கொள்ளட்டும். கடைசிப் படத்தில் தேவதூதன் யோவானுக்குக் காட்டும் புதிய எருசலேம் அவருடைய நாட்டு ஊர் மாதிரியேதான் இருக்கிறது.

இனி அளவு. நகரம் சதுரம், ஒரு பக்கம் பன்னீராயிரம் ஸ்தாதி. ஒரு ஸ்தாதியை 185 மீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 2,220 கிலோமீட்டர். ரங்கூனிலிருந்து சென்னைக்கு நேர்கோடு போட்டாலும் அவ்வளவு வராது. மதிலோ 144 முழம், சுமார் 65 மீட்டர். எட்டடிப் பலகையில் நகரத்தை நிறைத்து வரைந்தால், அதே அளவில் மதில் ஏறக்குறைய ஒரு தலைமுடி கனம்தான் தேறும். ஆகவே அளவுப்படி வரையும் ஆசையை முதல் நாளே விட்டுவிடுங்கள். எண்ணிக்கையை மட்டும் விடாதீர்கள்: பன்னிரண்டு வாசல், பக்கத்துக்கு மூன்று, வாசலுக்கு ஒரு தூதன். முன்பக்கத் தோற்றமாக வரைகிறவர் மூன்று அல்லது ஆறு வாசலோடு மாட்டிக்கொள்வார். ஸ்பெயின் தேசத்துத் துறவி பெயாட்டஸின் உரையைப் பத்தாம் நூற்றாண்டில் படி எடுத்த ஓவியர்கள் இதற்கு வழி கண்டார்கள். நகரத்தை மேலிருந்து பார்த்து, நாலு மதிலையும் பெட்டியைப் பிரித்துப் போட்டதுபோல வெளிப்பக்கம் மல்லாத்தினார்கள். பன்னிரண்டு வாசலும் ஒரே பார்வையில் விழும். கோலம் போட்டுப் பழகிய வீட்டில் இந்த அமைப்பை விளக்கவே வேண்டாம். நடுவில் கோபுரமோ கோயிலோ வைக்காதீர்கள். 22ஆம் வசனம் தேவாலயத்தைக் காணவில்லை என்கிறது. சூரியனும் சந்திரனும் நகரத்துக்கு வேண்டியதில்லை.

அஸ்திபாரக் கற்களில்தான் சண்டை வரும். நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் வரிசை இது: வச்சிரக்கல், இந்திரநீலம், சந்திரகாந்தம், மரகதம், கோமேதகம், பதுமராகம், சுவர்ணரத்தினம், படிகப்பச்சை, புஷ்பராகம், வைடூரியம், சுநீரம், சுகந்தி. மோகோக் மாணிக்கத்தைப் பார்த்து வளர்ந்த நாம் பதுமராகம் என்றதும் ரத்தச் சிவப்பைத் தொடுவோம். கிரேக்க மூலத்தில் அது சார்டியன். மண் கலந்த செம்பழுப்பு. வைடூரியம் என்றால் நமக்குப் பூனைக்கண். மூலத்தில் இளம்பச்சைக் கல். இந்திரநீலம் இருக்கும் இடத்தில் பழங்காலத்தார் சொன்னது பெரும்பாலும் பொன் புள்ளி தெறித்த நீல லாபிஸ் கல். முதல் கல்லில் மட்டும் தமிழ்தான் ஜெயிக்கிறது என்பது என் கட்சி. மூலத்தில் அது ஜாஸ்பர். இன்றைக்கு அந்தப் பெயரில் விற்கிற கல் ஒளி புகாதது. வசனமோ "ஸ்படிக ஒளியுள்ள" என்கிறது. வச்சிரக்கல் என்று போட்டவர்கள் வசனத்தின் ஒளியைக் காப்பாற்றினார்கள். தமிழ்ப் பெயர்ப்படி போவதா, மூலத்தின்படி போவதா என்று முதலில் முடிவு செய்து பன்னிரண்டுக்கும் ஒரே வழியில் போங்கள். பாதி இங்கே பாதி அங்கே என்றால் வரிசையில் இரண்டு பச்சை அடுத்தடுத்து விழும், சிவப்பு தேவையில்லாத இடத்தில் கூடும்.

நிறத்தோடு இன்னொன்று. சிங்காசனத்தைச் சுற்றிய வானவில் மரகதம்போல் தோன்றிற்று என்றுதான் 4ஆம் அதிகாரம் சொல்கிறது. ஏழு நிறத்தையும் போட்டுவிடாதீர்கள். பச்சைக்குள்ளேயே ஐந்தாறு சாயல் பிடியுங்கள். மலிவான போஸ்டர் கலரும் வேண்டாம், வெளிச்சத்தில் வெளுத்துவிடும். பிரான்ஸில் ஆங்ஷே நகரத்தில் பதினான்காம் நூற்றாண்டில் நெய்த வெளிப்படுத்தல் திரைச்சீலை ஏறத்தாழ நூறு மீட்டர் இன்னும் இருக்கிறது. வெயில் படாத அதன் பின்பக்கம் முன்பக்கத்தைவிடப் பளிச்சென்று இருக்கிறது.

இனி கைவேலை. ரங்கூனில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஆலயச் சுவரில் நேரே பொன் ஒட்டினால் இரண்டாம் மழைக்காலத்தில் உப்புப் பூத்து ஏட்டைத் தள்ளிவிடும். ஈரம் தாங்கும் 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் பலகையை, சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஓரங்குலம் காற்றுக்கு விட்டு மாட்டுங்கள். பலகையின் பின்பக்கத்துக்கும் விளிம்புக்கும் முதலில் பூச்சு. பலர் மறப்பது அதைத்தான்.

ஒட்டுக்கு இரண்டு வழி. எண்ணெய்ப் பசை ஒன்று. மழையில் காய மறுக்கும். டப்பாவில் மூன்று மணி என்று போட்டிருந்தால் அதை நம்பாமல் விரல் முட்டியால் தொட்டுப் பாருங்கள்: பசை முட்டியைப் பிடித்து இழுக்க வேண்டும், ஆனால் ஒட்டி வரக் கூடாது. சீக்கிரம் ஒட்டினால் ஏடு பசையில் முழுகி மங்கிப்போகும். தாமதித்தால் பிடிக்காமல் ஓட்டை ஓட்டையாக நிற்கும். மற்றது தித்சி, பர்மிய அரக்குப் பால். அது ஈரக் காற்றிலேயே நன்றாக இறுகும், ஆகவே மழைக்காலத்துக்கு ஏற்றது. ஆனால் தோலில் பட்டால் கொப்புளம் போடும். கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

ஏட்டின் கணக்கு: இரண்டங்குலச் சதுர ஏடு, ஓரத்தில் கால் அங்குலம் ஏற்றி ஒட்டினால் சதுர அடிக்கு 47 ஆகும், சேதத்துக்கும் சேர்த்து 55 வாங்குங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். பித்தளை ஏடு மலிவுதான், ஆனால் வார்னிஷ் பூசாவிட்டால் கறுத்துப் பச்சை பிடிக்கும். காசு இல்லாதவர் மனம் தளர வேண்டாம். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹாம்ப்டன் என்ற துப்புரவுப் பணியாளர், 1964இல் இறக்கும்வரை பல ஆண்டுகள், பழைய மேசை நாற்காலி, அட்டை, மின்குமிழ் எல்லாவற்றுக்கும் பொன்தாளும் வெள்ளித்தாளும் சுற்றி மூன்றாம் வானத்தின் சிங்காசனத்தை ஒரு வாடகைக் கொட்டகையில் செய்தார். இன்று அது வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சிங்காசனத்துக்கு முன்னிருக்கும் கண்ணாடிக் கடலுக்கும் அஸ்திபாரக் கற்களுக்கும் பதிப்பு வேலை. சலித்த சாம்பலைத் தித்சியில் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்தால் அதுதான் தயோ. கையகல இடத்துக்கு மட்டும் பூசி, இறுகுவதற்குள் கண்ணாடித் துண்டை அழுத்துங்கள். எல்லாத் துண்டையும் மட்டமாக வைத்தால் ஒரே பளீர், கண் கூசும். ஒவ்வொன்றையும் இம்மி முன்சாய்த்தோ பக்கம் திருப்பியோ வையுங்கள், பார்ப்பவர் நடக்க நடக்க ஒளி நகரும். முகக்கண்ணாடித் துண்டுக்குச் சாதாரண சிலிக்கான் போட்டால் புளித்த நெடி வருமல்லவா, அந்த அமிலம் பின்பூச்சைத் தின்று ஓரம் கறுத்துவிடும். நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள்.

சிங்காசனத்தைச் சுற்றியுள்ள நான்கு ஜீவன்கள் விஷயத்தில் ஒரு வார்த்தை. எசேக்கியேலில் ஒவ்வொன்றுக்கும் நாலு முகம், நாலு செட்டை. யோவானிடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரே சாயல், ஆறு செட்டை. ஏசாயாவின் சேராபீன்களுக்கும் ஆறு. மூன்றையும் கலக்கினால் எந்தத் தரிசனமும் நிற்காது. செட்டையெங்கும் கண்கள் என்பதை எப்படிக் காட்டுவது? ஐரோப்பிய ஓவியர்கள் மயில் பீலியைப் பிடித்தார்கள். அதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

விளக்கைப் படத்துக்கு நேர் எதிரே போடாதீர்கள். ஆலயத்துக் குழல்விளக்கு பொன்னைச் சாம்பலாக்கும். மேலிருந்து சாய்வாக, 3,000 கெல்வின் அளவில் மஞ்சள் ஒளி போதும்.

வாசல்களைக் கடைசியில் செய்யுங்கள். ஒவ்வொன்றும் ஒரே முத்து. சாயத்தில் முத்து வராது. மேர்குயி கடல் பக்கத்துச் சிப்பி ஓட்டை அறுத்துப் பதியுங்கள். தண்ணீர் விட்டபடியே அறுக்க வேண்டும், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. கதவு வைக்கிறவர்கள் பன்னிரண்டையும் உள்பக்கமாக மடித்து, முழுதும் திறந்தபடி வையுங்கள். அங்கே இராக்காலம் இல்லை, வாசல் அடைபடுவதும் இல்லை.