மண்டிக்காரர் மச்சான் தோட்டம் எங்கே போச்சு?

வணக்கம் மக்களே, கிருஷ்ணகிரியிலிருந்து பேசுகிறேன், பின்னால் கேட்கிற ஹாரன் எல்லாம் பெங்களூரு ரோடு, கண்டுக்காதீங்க. இங்கே ஒரு மாங்காய் மண்டிக்காரருக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். 40 தோட்டம், பக்கத்துக்கு 10. யார் தோட்டத்தையும் மேலே தூக்கி வைத்த மாதிரி இருக்கக் கூடாது என்றார், சரி என்று மைஎஸ்க்யூஎல் என்ற தரவுதளத்தில், வரிசையைக் குலுக்கிவிடும் ஆர்டர் பை ரேண்ட் கட்டளையைப் போட்டுக் கலைத்துவிட்டேன். இரண்டே நாளில் போன்: "ஏன் தம்பி, ஒரே தோட்டம் மூணு வாட்டி வருது, என் மச்சான் தோட்டத்தைக் காணோமே?"

முதலில் ரேண்டை எடுத்துவிட்டு அதே குவெரியை, அதாவது தரவுதளத்திடம் தகவல் கேட்கும் கட்டளையை, ஓட்டினேன். 40 வரி வர வேண்டிய இடத்தில் 120! தோட்டத்துக்கு மூன்று போட்டோ, தோட்டப் பட்டியலோடு போட்டோப் பட்டியலை இணைக்கும் ஜாயின் போட்டதால் போட்டோவுக்கு ஒரு வரி. வரிசையாக வந்திருந்தால் அன்றே கண்ணில் பட்டிருக்கும், கலைத்துப் போட்டதால் ஒளிந்துகொண்டது. தோட்டங்களை மட்டும் சப்குவெரியில், அதாவது குவெரிக்குள் ஒரு குட்டிக் குவெரியில், கலைத்து, 10 எடுத்து, அப்புறம் போட்டோவைச் சேர்த்தேன்.

அப்படியும் முதல் பக்கத்தில் பார்த்தது இரண்டாம் பக்கத்தில் வந்தது. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறோம். பக்கம் மாறும்போது குவெரி புதிதாக ஓடுகிறது, சீட்டுக்கட்டு மாதிரி மறுபடி முதலிலிருந்து கலைகிறது, முன்பு எதைக் காட்டினோம் என்பது அதற்குத் தெரியாது. 40-ல் பத்துப் பத்தாக எடுத்தால் இரண்டாம் பக்கத்தில் சராசரியாக இரண்டு மூன்று பழைய முகம் வந்தே தீரும். அந்த அளவுக்கு யாரோ விடுபடுவார்கள், அந்த யாரோதான் மச்சான்.

இதற்கு ரேண்டுக்குள் ஒரு எண் கொடுக்க வேண்டும், அதுதான் சீட், அதாவது விதை. நம்ம ஊரில் மாங்கொட்டை போட்டால் அதே ரகம் வராது, ஒட்டுக் கட்டினால்தான் வரும், ஆனால் இந்த விதை போட்டால் அச்சு அசலாக அதே வரிசை வரும். நான் அவசரத்தில் எல்லோருக்கும் ரேண்ட் 5 என்று போட்டுத் தொலைத்தேன், தினமும் ஊருக்கே ஒரே வரிசை! பிறகு ஒவ்வொருவரின் செஷனிலும், அதாவது அவர் வந்து போகும் வரை சைட் அவரை நினைவில் வைத்திருக்கும் இடத்தில், ஒரு எண் வைத்தேன், சரியானது. போஸ்ட்கிரெஸ் என்ற வேறு தரவுதளம் என்றால் முதலில் விதையைக் கொடுக்கும் செட்சீட் ஓட்ட வேண்டும். எஸ்க்யூஎல் சர்வர் என்ற இன்னொரு தரவுதளத்தில் ரேண்ட் மொத்தக் குவெரிக்கும் ஒரே தடவைதான் ஓடும், கலையவே கலையாது, அங்கே கலைக்க, வரிக்கு வரி புது அடையாளம் தரும் நியூஐடி.

நேற்று மறுபடி போன். மச்சான் தோட்டம் வந்துவிட்டதாம். "கடைசிப் பக்கத்துல வருதுப்பா, கொஞ்சம் மேல ஏத்தி விடேன்" என்கிறார்.