ஒன்பது வெற்றி போதாத ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் நட்டநடுவில் நெப்ராஸ்கா என்று ஒரு மாநிலம். கண்ணுக்கு எட்டிய தூரம் சோளக்காடு, அது முடிந்தால் மாட்டுப்பண்ணை. மொத்த மக்கள்தொகை சுமார் 20 லட்சம். பெரிய தொழில்முறை லீக் எதிலும் அந்த மாநிலத்துக்கு ஓர் அணி கிடையாது. கால்பந்திலும் இல்லை, பேஸ்பாலிலும் இல்லை, கூடைப்பந்திலும் இல்லை. மாநிலம் முழுக்க உயிரை விடுவது ஒரு பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்காகத்தான். அணியின் பெயர் கார்ன்ஹஸ்கர்ஸ், அதாவது சோளக்கதிர் உரிப்பவர்கள். தலைநகர் லிங்கனில் அவர்களுடைய மெமோரியல் ஸ்டேடியம் இருக்கிறது. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் எண்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல் சிவப்புச் சட்டையில் வந்து உட்காருவார்கள். ஒமாஹா, லிங்கன் என்ற இரண்டு நகரங்களை விட்டால், அன்றைக்கு அந்த மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அந்த அரங்கம்தான்.

நான் சொல்லும் கால்பந்து நாம் ஆடும் கால்பந்து இல்லை. தலைக்கவசமும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்தபடி ஓடி, முட்டி மோதி ஆடுகிற அமெரிக்கக் கால்பந்து. விதிகள் எல்லாம் இன்றைய பேச்சுக்குத் தேவையில்லை. கல்லூரி அணிகள் ஒரு பருவத்தில் பன்னிரண்டு ஆட்டம் ஆடும், அதில் ஆறு வென்றால் பருவ முடிவில் 'பவுல்' என்கிற கூடுதல் ஆட்டத்துக்கு அழைப்பு வரும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆறு என்ற எண் பின்னால் வரும்.

அந்தப் பக்கம் சில காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்த ரசிகர்களின் துயரத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சனிக்கிழமை அணி தோற்றால் திங்கட்கிழமை அலுவலகத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். முடிவெட்டும் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் ஒரே கேள்விதான்: 'இந்தப் பயிற்சியாளரை எப்போது அனுப்பப்போகிறார்கள்?' கேள்வி அப்படியே இருக்கும், பயிற்சியாளர் பெயர் மட்டும் மாறும்.

அவர்கள் இழந்தது என்ன என்று தெரிந்தால்தான் அந்த வருத்தம் புரியும். 1962-இல் பாப் டெவானி வந்தார். 1970, 1971 என்று அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். அவருடைய உதவியாளர் டாம் ஆஸ்போர்ன் 1973-இல் பொறுப்பேற்று 25 பருவங்கள் இருந்தார். 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமன். எந்தப் பருவத்திலும் ஒன்பது வெற்றிக்குக் கீழே இறங்கியதே இல்லை. 1994, 1995, 1997 என மூன்று பட்டங்கள். 1993 முதல் 1997 வரையிலான ஐந்து பருவங்களில் 60 வெற்றி, மூன்றே மூன்று தோல்வி. ஓய்வுக்குப் பிறகு மக்கள் அவரை அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் அனுப்பிவைத்தார்கள். கவர்னர் பதவிக்குப் போட்டியிட்டபோது மட்டும் கட்சிக்குள்ளேயே தோற்றுப்போனார். ஹஸ்கர்ஸ் ரசிகர்களுக்கும் ஓட்டுச்சாவடியில் புத்தி தெளிவாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

ஆஸ்போர்னின் வெற்றிக்கு மாயம் எதுவும் இல்லை. 'ஆப்ஷன்' என்ற ஒரு முறையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டத்தை நடத்துகிற வீரரான குவார்ட்டர்பேக் பந்தோடு பக்கவாட்டில் ஓடுவார். தடுப்பவர் தன்மேல் பாய்ந்தால் கூடவே ஓடி வருபவரிடம் பந்தைத் தட்டிவிடுவார், பாயாவிட்டால் தானே கொண்டுபோவார். இதற்கு முன்வரிசையில் பலசாலிகள் வேண்டும். உடற்பயிற்சிக்கென்றே தனி ஆளை வைத்துக்கொண்ட முதல் கல்லூரிகளில் ஒன்று நெப்ராஸ்கா. பாய்ட் எப்லி என்பவரை 1969-இலேயே சேர்த்துவிட்டார்கள். பண்ணை வீட்டுப் பையன்கள் உதவித்தொகை இல்லாமலே, சொந்தச் செலவில் அணியில் சேர்ந்து, மூன்று நான்கு வருடம் எடை தூக்கி, கடைசி வருடத்தில் களம் இறங்குவார்கள். எதிரணிகளுக்கு இந்த முறை வருடத்துக்கு ஒரு முறை கண்ணில் படுவதே அபூர்வம். அதை எப்படித் தடுப்பது என்று கற்றுக்கொள்ள அவர்களுக்கு ஒரு வாரம்தான் கிடைக்கும்.

ஆஸ்போர்னுக்குப் பிறகு ஃபிராங்க் சோலிச். அவரும் இந்த அணியின் பழைய ஆள்தான், டெவானி காலத்தில் ஆடியவர். 2001-இல் பதினோரு ஆட்டம் வரிசையாக வென்றுவிட்டு கொலராடோவிடம் 62-36 என்று அடி வாங்கினார்கள். அப்படியும் தேசிய இறுதி ஆட்டத்துக்கு இடம் கிடைத்தது, அங்கே மயாமியிடம் 37-14. அடுத்த வருடம் ஏழு வெற்றி, ஏழு தோல்வி. தோல்வியைவிட வெற்றி மிகுந்த பருவங்களாகவே நாற்பது வருடம் தொடர்ந்த கணக்கு அத்தோடு முறிந்தது. 2003-இல் அணி மறுபடி எழுந்து ஒன்பது வென்றது. ஆனால் விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்டீவ் பெடர்சன் சோலிச்சை வீட்டுக்கு அனுப்பினார். அணி நடுத்தரத்துக்குச் சரிவதை அனுமதிக்கமாட்டேன் என்பது அவர் சொன்ன காரணம். நடுத்தரம் என்று அவர் சொன்னது ஒன்பது வெற்றியை. இன்றைக்கு அந்த ஊர்க்காரர்களிடம் ஒன்பது வெற்றி தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், காலில் விழுவார்கள்.

என் பார்வையில் அணியின் சரிவு தொடங்கியது களத்தில் இல்லை, அந்த ஒரு முடிவில்தான். அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். ஒரு மருத்துவரின் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நேர் எதிரான மருந்து தருகிறவரைத் தேடிப் போகிற நோயாளி மாதிரி ஆகிவிட்டார்கள். சோலிச் பழைய பாணி என்றார்கள். தொழில்முறை லீக்கில் ஓக்லாந்து அணியை சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டம் வரை கொண்டுபோன பில் காலஹனை அழைத்து வந்தார்கள். அவர் பந்தை எறிந்து ஆடுகிற முறைக்காரர். ஆப்ஷனுக்கென்று பொறுக்கி எடுத்து வளர்த்த பையன்கள் ஒரே நாளில் பொருந்தாதவர்களாகிவிட்டார்கள். முதல் பருவத்தில் ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. 1961-க்குப் பிறகு தோல்வி மிகுந்த முதல் பருவம் அதுதான். 35 வருடம் விடாமல் போய்வந்த பவுல் ஆட்டத்துக்கும் அந்த வருடம் அழைப்பு இல்லை. டெக்சாஸ் டெக்கிடம் 70-10. 2007-இல், காலங்காலமாக இவர்கள் ஏறி மிதித்துவந்த கான்சஸ் 76-39 என்று திருப்பி மிதித்தது. பெடர்சனும் போனார், காலஹனும் போனார்.

காலஹனின் தடுப்பாட்டம் ஓட்டையாக இருந்தது இல்லையா? சரி, தடுப்பாட்ட நிபுணர் வேண்டும் என்று போ பெலினி வந்தார். ஏழு பருவம், 66 வெற்றி. ஒவ்வொரு பருவத்திலும் ஒன்பது அல்லது பத்து. விசித்திரம் என்னவென்றால் ஒவ்வொரு பருவத்திலும் சரியாக நான்கு தோல்வியும் வந்தது. தோல்வி வந்த விதம்தான் ரசிகர்களுக்குப் பொறுக்கவில்லை. 2012-இல் பிக் டென் லீக்கின் இறுதி ஆட்டத்தில் விஸ்கான்சினிடம் 70-31. 2014-இல் அதே விஸ்கான்சினின் மெல்வின் கார்டன் தனி ஆளாக 408 கஜம் ஓடினார். கூடவே பெலினியின் கோபம் வேறு. ரசிகர்களையே கெட்ட வார்த்தையில் திட்டிய ஒலிப்பதிவு 2013-இல் வெளியே வந்தது. 2014-இல் ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி என்ற நிலையில் அவரை நீக்கினார்கள். நான்காவது தோல்வி அவர் போன பிறகு பவுல் ஆட்டத்தில் வந்து சேர்ந்தது.

கோபக்காரர் வேண்டாம் என்றால் அடுத்து யார் வருவார்? ஊரே மெச்சும் சாந்தமான மனிதர் மைக் ரைலி. மூன்று பருவம், 19 வெற்றி, 19 தோல்வி. அவரைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அப்புறம்தான் ஸ்காட் ஃபிராஸ்ட். இந்தக் கதையில் மனதை உண்மையாகவே உடைக்கிற பகுதி இது. ஃபிராஸ்ட் மண்ணின் மைந்தன். நெப்ராஸ்காவில் வுட் ரிவர் என்கிற சின்ன ஊரில் வளர்ந்தவர். 1997 பட்டத்தை வாங்கிய அணியின் குவார்ட்டர்பேக். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் டென்னசியை 42-17 என்று வென்றதும், களத்திலேயே ஒலிவாங்கியைப் பிடித்து, பட்டம் யாருக்கு என்று வாக்களிக்கிற பயிற்சியாளர்களே, எங்களையும் பாருங்கள் என்று கேட்டவர். பட்டம் மிச்சிகனோடு பகிர்ந்து கிடைத்தது. பயிற்சியாளராகி, ஃபுளோரிடாவில் ஒரு சின்ன அணியை ஒரு தோல்வி கூட இல்லாமல் 2017 பருவத்தை முடிக்க வைத்தார். அவரை நெப்ராஸ்கா அழைத்தபோது ஏழு வருடத்துக்கு மூன்றரைக் கோடி டாலர் ஒப்பந்தம். அன்றைக்கு லிங்கனில் இருந்தவர்களைக் கேட்டால் கல்யாண வீடு மாதிரி இருந்தது என்பார்கள்.

முடிவு 16 வெற்றி, 31 தோல்வி. அணி மோசமாக ஆடியது என்று சொல்லிவிட்டால் மனம் ஆறிவிடும். ஆனால் அவர்கள் ஒவ்வொரு ஆட்டத்தையும் கிட்டத்தட்ட வென்றுவிட்டுத் தோற்றார்கள். 2021-இல் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. அந்த ஒன்பதும் ஒற்றை இலக்கப் புள்ளி வித்தியாசம். கடைசி நான்கு நிமிடத்தில் ஒரு பந்து நழுவும், ஒரு உதை தப்பும். இருமடங்கு புள்ளியில் தோற்கிறவன் தூங்கிவிடுவான், மூன்று புள்ளியில் தோற்கிறவனுக்கு எப்படித் தூக்கம் வரும்? அப்படியும் அவரை வைத்துக்கொண்டார்கள். ஒன்பது வென்ற இரண்டு பேரை அனுப்பிய ஊர், மூன்று வென்றவரை நம் பையன்தானே என்று காப்பாற்றியது.

2022 ஆகஸ்டில், பருவத்தின் முதல் ஆட்டம் அயர்லாந்தின் டப்ளினில், நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக. 28-17 என்று நெப்ராஸ்கா முன்னிலை. புள்ளி எடுத்த அணி பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்குக் கொடுக்கவேண்டும். ஃபிராஸ்ட் 'ஆன்சைடு கிக்' ஆடச் சொன்னார். பக்கத்திலேயே உருட்டிவிட்டுத் தன் ஆட்களே பிடிக்கப் பார்க்கிற தந்திரம் அது, பெரும்பாலும் தோற்கிற அணி வேறு வழியில்லாமல் செய்வது. பந்து எதிரணி கையில் போனது, ஆட்டம் 31-28 என்று முடிந்தது. அந்தப் பருவத்தில் நார்த்வெஸ்டர்ன் அதற்குப் பிறகு ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து, எளிதாக வெல்லலாம் என்று சொந்த மைதானத்துக்கு வரவழைத்த ஜார்ஜியா சதர்ன் 45-42 என்று வென்றுவிட்டுப் போனது. அதுவரை அந்த அரங்கத்தில் 35 புள்ளியோ அதற்கு மேலோ எடுத்த 214 ஆட்டங்களில் நெப்ராஸ்கா ஒன்றில்கூடத் தோற்றதில்லை.

மறுநாள் செப்டம்பர் 11, ஃபிராஸ்ட் நீக்கப்பட்டார். ஒப்பந்தப்படி அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அவருக்குத் தரவேண்டிய ஒன்றரைக் கோடி டாலர் பாதியாகக் குறைந்திருக்கும். மூன்று வாரம் பொறுக்க முடியாமல் 75 லட்சம் டாலரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். பொறுமையாக இருக்க வேண்டிய நேரத்தில் அவசரம், அவசரப்பட வேண்டிய நேரத்தில் பாசம். நிர்வாகத்தைக் குறை சொல்கிற ரசிகர்கள் அந்த இரண்டிலும் தங்களுக்கும் பங்கு உண்டு என்று ஒத்துக்கொள்வதில்லை.

எல்லாம் பயிற்சியாளர்களால்தான் என்றும் சொல்லிவிட முடியாது. உதவித்தொகை பெறும் வீரர்கள் ஓர் அணிக்கு 85 பேர்தான் என்ற வரம்பு தொண்ணூறுகளின் நடுவில் வந்தது. பெரிய அணிகள் திறமைசாலிகளைக் குவித்து வைத்துக்கொண்ட காலம் போனது. 2011-இல் பிக் டென் லீக்குக்கு மாறினார்கள். தொலைக்காட்சிப் பணம் கொட்டியது, ஆனால் நல்ல பையன்கள் விளைகிற டெக்சாஸில் வருடாவருடம் முகம் காட்டும் வாய்ப்பு போய்விட்டது. ஆஸ்போர்னே இன்று வந்தாலும் 60 வெற்றி, 3 தோல்வி நடக்காது.

அந்த ரசிகர்கள் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. எதிரணி ஜெயித்துவிட்டு வெளியேறும்போது எழுந்து கைதட்டுகிற வழக்கம் உள்ளவர்கள். 1962 நவம்பர் முதல் ஒரு ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை என்பது அவர்கள் பெருமை. அண்மைக் காலத்தில் மிஞ்சியதை நன்கொடையாளர்கள் வாங்கி வசதியில்லாத குழந்தைகளுக்குக் கொடுத்துத்தான் அந்தக் கணக்கு காப்பாற்றப்பட்டது. ஏமாற்று என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். குழந்தைகள் ஆட்டம் பார்த்தார்களே, எனக்கு அதில் புகார் இல்லை. இன்னொன்று, 2023 ஆகஸ்டில் அதே அரங்கத்தில் அதே பல்கலைக்கழகத்தின் பெண்கள் வாலிபால் ஆட்டத்துக்கு 92,003 பேர் வந்தார்கள். ஐந்து தேசியப் பட்டம் வென்ற அணி அது. வெற்றி பார்க்க வேண்டும் என்று ஏங்குகிறவர்களுக்கு அதே ஊரில் வழி இருக்கத்தான் செய்கிறது.

இப்போது இருப்பவர் மேட் ரூல். எட்டு வருடத்துக்கு 7.4 கோடி டாலர். 2023-இல் ஐந்து வென்று மூன்று தோற்றபோது பவுலுக்கு இன்னும் ஒரே ஒரு வெற்றி போதும். மீதி நான்கையும் தோற்றார்கள், அதில் மூன்று ஆட்டம் மூன்றே புள்ளியில். 2024-இல் ஒருவழியாக ஆறைத் தாண்டினார்கள். 2016-க்குப் பிறகு முதல் பவுல், பாஸ்டன் காலேஜை 20-15 என்று வென்று ஏழு வெற்றியோடு பருவம் முடிந்தது.

2025 அக்டோபரில் பென் ஸ்டேட் தன் பயிற்சியாளரை நீக்கியது. ரூல் அங்கே படித்தவர், அங்கே ஆடியவர். அவரைக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று பேச்சு கிளம்பியதும் லிங்கனில் கலக்கம். மாதம் முடிவதற்குள் ஒப்பந்தத்தை 2032 வரை நீட்டித்துக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அதே பென் ஸ்டேட்டிடம் 37-10, சொந்த மண்ணில் அயோவாவிடம் 40-16. ஒன்பது வென்றவர் போதாது என்று இரண்டு முறை கதவைக் காட்டிய ஊர், ஏழு வென்றவர் போய்விடுவாரோ என்று கதவைப் பூட்டி வைத்திருக்கிறது. முடிவெட்டும் கடையில் பழைய கேள்வி மறுபடி கிளம்பியிருக்கும். என்னைக் கேட்டால், இந்த முறை அவரை விட்டுவிடாமல் வைத்துக்கொண்டது சரிதான். அயோவாவை எப்போது வெல்லப்போகிறார் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.